யு.பி.எஸ். உண்ணும் மின்சாரம்

குமுளி மலைச்சாலை இறங்கி முடிகிற லோயர்கேம்ப்பில், முல்லைப் பெரியாற்றின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வந்து, ராட்சதக் குழாய்களில் விழுந்து, ஒவ்வொன்றும் 35 மெகாவாட் திறனோடு நிறுவப்பட்ட நான்கு இயந்திரங்களைச் சுழற்றிவிட்ட பிறகே, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது என்பதைத் தேனி மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் நீர் பாசனத்துக்கென்றே இங்கே திருப்பி விடப்பட்டது; அதே நீரிலிருந்து மின்சாரமும் எடுக்கலாம் என்ற எண்ணம் 1950களின் பிற்பகுதியில் காரிய ரூபம் பெற்றது; 1970-ஆம் வருஷத்து ஒப்பந்தம் அதற்குச் சட்ட உருவம் தந்து, தமிழ்நாடு கேரளத்துக்குச் செலுத்த வேண்டிய தொகையையும் நிர்ணயித்தது. அந்தத் தொகையைக் கணக்கிடக் கிலோவாட்-வருஷம் என்னும் அளவை எடுத்துக் கொண்டார்கள். ஒரு கிலோவாட் மின்சாரம் இரவென்றும் பகலென்றும் பாராமல் வருஷத்தின் 8,760 மணி நேரமும் ஓடினால் 8,760 யூனிட்; அதுவே ஒரு கிலோவாட்-வருஷம்.

சாதாரண வீட்டுக்காரருக்குச் சம்பந்தமில்லாத இந்த அளவை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம், வருஷத்தின் 8,760 மணி நேரமும் ஓயாமல் மின்சாரம் இழுத்துக் கொண்டிருக்கும் சாதனம் ஒன்று நம் வீடுகளிலேயே இருப்பதுதான். குளிர்சாதனப் பெட்டியைச் சொல்லவில்லை. அது இழுக்கிற மின்சாரத்துக்கு உண்டான வேலையை நமக்குச் செய்து தருகிறது. கணினி மேஜையின் அடியில், தூசி படிந்து, ஒரு சிறு பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறதே, அந்த யு.பி.எஸ். பெட்டியைச் சொல்கிறேன். பிள்ளைகள் படிப்புக்காகவும், பெரியவர்கள் கணக்கு வழக்குக்காகவும் கணினியை நாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ இயக்குகிறார்கள். அதைக் காப்பதற்காக வாங்கி வைத்த பெட்டியோ இருபத்துநான்கு மணி நேரமும் ஓடிக் கொண்டிருக்கிறது. இது வீண் செலவு, எளிதாகத் தவிர்க்கக் கூடிய செலவு, ஆகவே தவிர்த்தே தீர வேண்டிய செலவு என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தப் பெட்டி நம் வீடுகளுக்குள் எவ்வாறு வந்தது என்பதை மறந்துவிட்டு அதைக் குறை கூறுவது நியாயமாகாது. 2008-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் தொடங்கி ஐந்தாறு வருஷங்கள் தமிழ்நாடு அனுபவித்த மின்வெட்டை, அதிலும் 2012-இல் சென்னைக்கு வெளியே நாள் ஒன்றுக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில நாட்களில் அதற்கும் மேலாக நீண்ட இருட்டை, அதில் வாழ்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். லோயர்கேம்ப் மின்நிலையமும், 35 மெகாவாட் சுருளியாறு மின்நிலையமும், ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளும் அமைந்திருக்கிற இந்தப் பிரதேசத்துக்கு அந்த இருட்டிலிருந்து எந்த விலக்கும் கிடைக்கவில்லை; மின்சாரம் மாநிலம் முழுவதற்கும் பொதுவானது என்ற நியாயத்தை ஏற்றுக் கொண்டு, தலைநகரத்துக்கு மட்டும் வெட்டு குறைவாக இருந்ததையும் பார்த்துக் கொண்டு, நம் ஜனங்கள் பொறுத்திருந்தார்கள். அப்போது டைப் செய்த பக்கங்கள் கண் முன்னே மறைந்து போயின. விண்ணப்பம் பாதியில் நின்றது. ஹார்டு டிஸ்க் கெட்டது. யு.பி.எஸ். வாங்கியவர்கள் ஆடம்பரத்துக்காக வாங்கவில்லை. தேனியிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் இன்வெர்ட்டர் கடைகள் பெருகியதும் அந்தக் காலத்தில்தான்.

ஆனால் அந்த நிலைமை மாறிவிட்டது. கூடங்குளத்தின் முதல் உலை 2013-இல் மின்சாரம் தரத் தொடங்கிற்று. அதே வருஷத்தின் கடைசி நாளில் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை இணைக்கப்பட்டு, அதுவரை தனித்து நின்ற தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒன்றாயிற்று. அட்டவணை போட்டுச் செய்த மின்வெட்டு மெல்ல மெல்ல ஓய்ந்தது. காரணம் போன பிறகும் பெட்டி மட்டும் தங்கிவிட்டது. பழையது கெட்டால், கணினி வாங்கும்போது யு.பி.எஸ். வாங்குவது வழக்கம் என்பதற்காகவே புதியதொன்றை வாங்கி அதே இடத்தில் வைக்கிறோம்.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது என்ன என்பதைச் சற்று விஸ்தாரமாகப் பார்ப்பது அவசியம். வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது 600 வி.ஏ. என்று முகப்பில் அச்சிட்ட வகை. அந்த எண்ணைப் பார்த்து 600 வாட் என்று எண்ணிக் கொள்பவர்கள் பலர், உண்மையில் அது தாங்கக் கூடியது சுமார் 360 வாட். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள ஒரு சிறு ஈய பேட்டரி; பெருக்கிப் பார்த்தால் 84 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பாகம். மின்சாரம் போனால் பத்து, பதினைந்து நிமிஷம் கணினியைத் தாங்கி, வேலையைச் சேமித்து ஒழுங்காக மூடுவதற்கு அவகாசம் கொடுப்பதே இதன் காரியம். லைன்-இன்டராக்டிவ் என்று கடைக்காரர் சொல்கிற இந்த வகையில், வரும் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சீராக்குவதற்காக ஒரு டிரான்ஸ்பார்மர் எப்போதும் இணைப்பிலேயே இருக்கிறது. கணினி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதன் இரும்பு வினாடிக்கு 50 தடவை காந்தமாகி மீண்டு, அந்த உழைப்பில் ஒரு பங்கு மின்சாரத்தை வெப்பமாக்கிக் கொண்டேயிருக்கிறது. அதோடு கட்டுப்பாட்டுச் சர்க்யூட் ஒரு சிறு பங்கை எடுத்துக் கொள்கிறது.

பேட்டரி நிறைந்துவிட்டால் யு.பி.எஸ். மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிடும் என்று படித்தவர்கள் கூட நம்புகிறார்கள். நல்ல நிலையிலுள்ள பேட்டரி நிறைந்த பிறகு அதற்குத் தேவைப்படுவது மிகச் சொற்பமே என்பது மெய். விரயத்தின் பெரும் பாகம் டிரான்ஸ்பார்மரிலும் சர்க்யூட்டிலும் நிகழ்கிறது. அது பேட்டரி நிறைந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை. முன்புறப் பொத்தானை அணைத்துவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. பல மாதிரிகள் பொத்தான் அணைந்த நிலையிலும், சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரையில் சார்ஜ் செய்து கொண்டுதான் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் காலையில் எழுந்ததும் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்க்கலாம். இரவெல்லாம் யாரும் உபயோகிக்காத பெட்டி வெதுவெதுப்பாக இருந்தால், அந்த வெப்பம் முழுவதும் நாம் காசு கொடுக்க வேண்டிய மின்சாரம்.

இந்தச் சும்மா இருக்கிற செலவு மாதிரிக்கு மாதிரி மாறுகிறது. ஐந்து வாட்டில் அடங்குபவையும் உண்டு, பதினைந்து வாட் வரை இழுப்பவையும் உண்டு. நடுவில் பத்து வாட் என்று வைத்துக் கொள்வோம். பத்து வாட் என்பது ஒரு எல்.இ.டி. பல்பின் அளவு, ஆனால் அந்தப் பல்பு ஒருபோதும் அணைவதில்லை. நாள் ஒன்றுக்கு 240 வாட்-மணி, இரண்டு மாதத்துக்கு, அதாவது ஒரு மின் கட்டண அட்டையின் காலத்துக்கு, சுமார் 14 யூனிட், வருஷத்துக்கு 87.6 யூனிட். நூறு வீட்டுப் பெட்டிகள் சேர்ந்தால், பெரியாற்று ஒப்பந்தம் பேசுகிற அந்தக் கிலோவாட்-வருஷம் ஒன்று முழுசாகக் கரைந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புகள் இரண்டு கோடிக்கு மேல். அவற்றில் இருபதில் ஒரு வீட்டில் மட்டும் இப்படி ஒரு பெட்டி இருப்பதாக ஒரு கணக்குக்கு வைத்துக் கொண்டால், ஒரு கணினியையும் இயக்காமல் இரவும் பகலும் செலவாவது 10 மெகாவாட். வைகை அணையின் கீழே உள்ள சிறு மின்நிலையம் தன் இரண்டு இயந்திரங்களும் முழுத் திறனில் ஓடினால் தருவது 6 மெகாவாட். அதுவும் அணையில் நீர் திறந்திருக்கும் நாட்களில் மட்டும்.

என் பத்து வாட் கணக்கை யாரும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தம் வீட்டுப் பெட்டியைத் தாமே அளந்து பார்த்துவிடலாம், அதற்குத் தனிக் கருவியும் வேண்டாம். வாசலில் இருக்கும் மின்வாரிய மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது அதன் அருகிலேயே அச்சிட்டிருக்கும். 3,200 என்று போட்டிருந்தால், வீட்டிலுள்ள மற்ற எல்லாச் சாதனங்களையும், குளிர்சாதனப் பெட்டி உட்பட, சில நிமிஷங்களுக்கு அணைத்துவிட்டு, யு.பி.எஸ்.ஸை மட்டும் விட்டு வைத்து, இரண்டு துடிப்புகளுக்கு இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 112 வினாடி ஆனால் பத்து வாட். அதில் பாதி நேரத்தில் துடித்தால் இருபது வாட். பள்ளிக்கூடத்துப் பௌதிகப் பாடத்தில் இதைவிடப் பிரயோஜனமான பரிசோதனை ஒன்று இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்; ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடமாகக் கொடுக்கலாம்.

இரண்டு மாதத்துக்குப் பதினான்கு யூனிட்டுக்காக இத்தனை பேச்சா என்று கேட்பவர்கள் உண்டு. இலவசமாகக் கிடைக்கிற முதல் 100 யூனிட்டுக்குள் குடும்பத்தை நடத்துகிற ஏழை வீட்டில், அந்த நூறில் ஏழில் ஒரு பாகத்தை யாருக்கும் பயனில்லாத பெட்டிக்குக் கொடுப்பது சிறிய விஷயமல்ல. நடுத்தர வீட்டுக்கோ, 500 யூனிட் என்ற எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் அதற்குக் கீழேயுள்ள சில யூனிட்டுகளுக்கும் விகிதம் உயர்ந்துவிடுகிறது. 490-இல் நிற்க வேண்டிய கணக்கு 504-க்கு ஏறுவதற்கு இந்தப் பதினான்கு யூனிட் போதும்.

யு.பி.எஸ்.ஸோடு இன்வெர்ட்டரும் சேர்ந்திருக்கிற வீடுகளின் நிலைமை இன்னும் மோசமானது. பள்ளத்தாக்கின் ஊர்களில் இத்தகைய வீடுகள் நிறைய. விளக்குக்கும் மின்விசிறிக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியோடு ஓர் இன்வெர்ட்டர். கணினிக்குத் தனியாக ஒரு யு.பி.எஸ்.; இரண்டாவது முதலாவதன் இணைப்பிலேயே செருகப்பட்டிருக்கும். மின்சாரம் போனதும், பெரிய பேட்டரியின் மின்சாரம் இன்வெர்ட்டரில் ஒரு முறை மாறி, அங்கிருந்து யு.பி.எஸ்.ஸின் டிரான்ஸ்பார்மரைக் கடந்து, அதன் சிறு பேட்டரிக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டு, மிச்சமே கணினிக்குப் போகிறது. இன்வெர்ட்டர் மலிவான சதுர அலை வகையாக இருந்தால், அதை நல்ல மின்சாரமென்று ஏற்றுக் கொள்ளாமல் யு.பி.எஸ். தன் பேட்டரிக்கே தாவிக் கூச்சலிடுவதும் உண்டு. ஈய பேட்டரிக்குள் செலுத்திய மின்சாரம் முழுவதும் திரும்பி வருவதில்லை. சார்ஜ் ஏற்றுவதிலும் இறக்குவதிலும் ஐந்தில் ஒரு பாகமோ அதற்கு மேலோ போகிறது, நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்குவதில் மேலும் ஒரு பாகம் போகிறது. ஆக 100 யூனிட் பயன் பெற 150 யூனிட்டுக்கு மேல் வாங்க வேண்டியிருக்கிறது. 2012-இன் இருட்டில் வீடுதோறும் இன்வெர்ட்டர்கள் மின்சாரம் வந்த மணி நேரத்தில் ஒரே சமயத்தில் பசியோடு இழுத்தன என்பதை நினைத்தால், வெட்டினால் மிச்சம் பிடித்ததாகக் கருதிய மின்சாரத்தில் ஒரு பகுதி வட்டியோடு திரும்பச் செலவாயிற்று என்பது விளங்கும்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்கு யு.பி.எஸ். பெரும்பாலும் தேவையே இல்லை. பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் யு.பி.எஸ்., நார்மல் என்று இரண்டு நிலைகள் கொண்ட ஒரு சிறு சுவிட்ச் உண்டு, அதை யு.பி.எஸ். நிலைக்குத் தள்ளினால், மின்சாரம் போன சில மில்லி வினாடிகளில் மாற்றம் நடந்துவிடும். கணினியின் மின்வழங்கிக்குள் இருக்கும் கப்பாசிட்டர்கள் அந்த இடைவெளியைத் தாமே தாங்கிக் கொள்ளும். விற்றவர் அந்தச் சுவிட்சைப் பற்றிச் சொல்லாததனால் எத்தனையோ வீடுகளில் இரண்டாவது பெட்டி வீணாக இருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லக் கூடிய நியாயங்களை நான் அறியாதவனல்லன். ஆனி, ஆடி மாதங்களில் கம்பம் கணவாய் வழியே புகுந்து வீசுகிற காற்று, காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே வேகத்தில் தென்னையையும் இலவத்தையும் கம்பிகளின் மேல் சாய்க்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் இடியும் மலையோரத்துக் கிராமங்களுக்கு வருகிற பாதைகளை அறுக்கின்றன. அத்தகைய ஊர்களில், அத்தகைய மாதங்களில், வீட்டிலிருந்தபடியே கணினியில் உத்தியோகம் பார்ப்பவருக்கும் டி.டி.பி. வேலை செய்பவருக்கும் யு.பி.எஸ். அவசியமே. போடிநாயக்கனூரில் 2007 முதல் ஏலக்காய் ஏலம் கணினி வழியாக நடக்கிறது. வியாபாரிகள் திரையைப் பார்த்து விலை கேட்கிற அந்த இடத்தில் ஒரு நொடி இருட்டும் லட்சக்கணக்கான ரூபாய் விவகாரமாகும். அங்கே எவ்வளவு சக்தி வாய்ந்த யு.பி.எஸ். வைத்தாலும் தகும். நான் பேசுவது, வாரத்தில் நாலைந்து நாள் மாலையில் மட்டும் உயிர் பெறுகிற வீட்டுக் கணினியைப் பற்றி. மாதாந்தரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் என்று முன்கூட்டியே பத்திரிகையில் அறிவிக்கிற நாட்களிலோ, 84 வாட்-மணிப் பேட்டரியினால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அது காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடும்.

பரிகாரம் சுலபமானது. கணினி வேலை முடிந்ததும் முதலில் யு.பி.எஸ்.ஸின் முன்புறப் பொத்தானையும், பிறகு சுவரிலுள்ள சுவிட்சையும் அணைக்க வேண்டும். வரிசை மாறினால் மின்வெட்டு என்றெண்ணிப் பெட்டி பேட்டரிக்குப் போய் அலறும். ஈய பேட்டரியை மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் போட்டு வைத்தால் அது கெட்டுவிடும் என்பது உண்மையாதலால், கணினியை உபயோகிக்காத மாதத்திலும் ஓர் இரவு மட்டும் சுவிட்சைப் போட்டு வைப்பது நலம். மின்வெட்டில் பேட்டரி தீர்ந்திருந்தால், அதை நிரப்பிய பிறகே அணைக்க வேண்டும். புதிதாகக் கணினி வாங்குபவர்களுக்கு மடிக்கணினியையே சிபாரிசு செய்வேன். அதற்குள் பேட்டரி இருக்கிறது, மேஜைக் கணினியை விடக் குறைந்த மின்சாரத்தில் ஓடுகிறது, யு.பி.எஸ். என்ற பேச்சுக்கே இடமில்லை. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் மூலம் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பல நன்மைகளில் இதுவும் ஒன்று, அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இணைய இணைப்பு அறுந்து போவதுதான் கவலையென்றால், ரௌட்டருக்கென்றே 12 வோல்ட்டை நேராகக் கொடுக்கும் கையடக்கமான மினி யு.பி.எஸ். கிடைக்கிறது, 12-ஐ 230 ஆக்கி மறுபடி 12 ஆக்குகிற வீண் சுற்று அதில் இல்லை.

தேவையற்ற பெட்டிகள் குறைந்தால் ஈயமும் குறையும். இந்தச் சிறு பேட்டரிகள் இரண்டு மூன்று வருஷத்தில் ஆயுள் முடிந்துவிடுபவை. கோடையில் காற்றோட்டமில்லாத மேஜையடியில் இருந்தால் இன்னும் சீக்கிரம். பழைய இரும்புக் கடைக்குப் போகிற பேட்டரி எங்கே, எப்படி உருக்கப்படுகிறது என்பதை நாம் விசாரிப்பதில்லை. யுனிசெஃப் நிறுவனமும் பியூர் எர்த் என்ற அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகத்துக் குழந்தைகளில் மூவரில் ஒருவரது இரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருக்கிறதென்றும், ஈய பேட்டரிகளை முறையின்றி உருக்குவது அதற்கு முக்கியமான காரணமென்றும் கூறிற்று. நம் நாட்டில் 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று முறையாகக் கையாளும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் சுமத்தியிருக்கின்றன. ஆகவே பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குகிற கடையிலேயே அதை ஒப்படைப்பது சரி.

ஆனால் இவ்வளவு பொறுப்பையும் வீட்டுக்காரர் தலையில் மட்டும் கட்டுவது தர்மமாகாது. கடையில் யு.பி.எஸ்.ஸின் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், எத்தனை வி.ஏ., எவ்வளவு பேட்டரி, எத்தனை வருஷ உத்தரவாதம் என்பதெல்லாம் இருக்கிறது. சும்மா இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கும் என்ற ஒரு விவரம் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. கேட்டால் கடைக்காரருக்கும் தெரிவதில்லை. அவர் மேல் குற்றமில்லை, அவருக்கும் யாரும் சொல்லவில்லை. சாதனங்கள் சும்மா இருக்கையில் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கலாகாது என்ற கொள்கையை ஆலன் மையர் என்ற விஞ்ஞானி 1998-லேயே முன்மொழிந்து, சர்வதேச எரிசக்தி முகமை அதை ஏற்றுப் பரப்பியது. அமெரிக்காவில் யு.பி.எஸ்.களுக்கென்று எனர்ஜி ஸ்டார் முத்திரை 2012-இல் வந்தது; 2022 முதல் அங்கே சட்டப்பூர்வமான திறன் வரம்பும் இருக்கிறது. நம் நாட்டில் எரிசக்தித் திறன் அமைப்பு 2002 முதல் இயங்குகிறது. 2006-இல் அது தொடங்கிய நட்சத்திர முத்திரை ஏ.சி.க்கும் உறைபனி படியாத குளிர்சாதனப் பெட்டிக்கும் 2010 முதலும், மின்விசிறிக்கு 2023 முதலும் கட்டாயமாகிவிட்டது. நம் வீட்டுப் பெண்கள் இப்போது நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்து மின்விசிறி வாங்குகிறார்கள். அச்சிட்டுக் கொடுத்தால் ஜனங்கள் படிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகையால் எரிசக்தித் திறன் அமைப்பு, வீட்டு யு.பி.எஸ். ஒவ்வொன்றின் மீதும் அது சும்மா இருக்கையில் இழுக்கும் வாட் அளவைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டுமென்று கட்டாயமாக்க வேண்டும். மின்வாரியம் ஒவ்வொரு துணைமின்நிலையத்திலும் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது என்பதை அந்தப் பகுதி மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும், யு.பி.எஸ். தேவையா இல்லையா என்று அதைப் பார்த்து அவரவர் தீர்மானித்துக் கொள்வார்கள். தேனி, போடி, கம்பம் கடைக்காரர்கள், வாங்க வருபவரிடம் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா, மடிக்கணினியா மேஜைக் கணினியா என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு விற்க வேண்டும். வாசகர்களோ இவர்கள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே மீட்டரின் துடிப்பை எண்ணிப் பாருங்கள், எண்ணிய பிறகு சுவர் சுவிட்சை அணைத்து வையுங்கள்.